15 மில்லி ஆம்பியர் எடுக்க வேண்டியது 190 எடுத்தது: களக்காட்டு வாழைத்தோட்டத்துச் சென்சார் கம்பம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

களக்காட்டுக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தை ஒட்டிய ஏத்தன் வாழைத்தோட்டம். கிணற்றுத் தண்ணீர், சொட்டுநீர்ப் பாசனம். மும்முனை மின்சாரம் முறை வைத்து வருவதால், அது இருக்கும் நேரத்தில் எந்தப் பகுதிக்கு வால்வைத் திறப்பது என்று முடிவு செய்ய மண் ஈரத்தை அளந்து அனுப்பும் ஐந்து கம்பங்கள் தோட்டத்தில் ஊன்றப்பட்டிருந்தன. அமைத்துக் கொடுத்தவர் பாளையங்கோட்டையில் மின்னணுப் பழுதுபார்ப்புப் பட்டறை வைத்திருப்பவர். டிப்ளமோ முடித்த உதவியாளர் ஒருவர் அவருடன் வேலை செய்கிறார்.

ஒவ்வொரு கம்பமும் இரண்டு மீட்டர் உயர ஜிஐ பைப். உச்சியில் 6 வோல்ட், 1 வாட் சோலார் பேனலும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் இருந்தன. பெட்டிக்குள் 2600 மில்லி ஆம்பியர் மணி கொள்ளளவுள்ள ஒரு 18650 லித்தியம் செல், டிபி4056 சார்ஜர், செல்லின் மின்னழுத்தத்தை 3.3 வோல்ட்டில் நிறுத்தும் எம்சிபி1700 ரெகுலேட்டர், நிரலை 8 மெகாஹெர்ட்ஸில் ஓட்டும் ஏடிமெகா328பி மைக்ரோகன்ட்ரோலர் சில்லு, குறைந்த மின்சாரத்தில் தொலைதூரத்துக்குத் தகவல் அனுப்பும் லோரா ரேடியோ (865 மெகாஹெர்ட்ஸ் பட்டை). கம்பத்தின் அடியில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், சிறிய சென்சார் பெட்டி. இரண்டுக்கும் நடுவே ஆறு கம்பி கொண்ட ஒன்றரை மீட்டர் கேபிள். சென்சார் போர்டில் காற்றின் வெப்பம், ஈரப்பதம், அழுத்தம் அளக்கும் பிஎம்இ280 மாட்யூல் ஒன்றும், மண்ணில் செருகும் கெப்பாசிட்டிவ் ஈரப்பத முனைகள் இரண்டும் இணைக்கப்பட்டிருந்தன.

சென்சார்களுக்கு எப்போதும் மின்சாரம் போவதில்லை. பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை, மின்னணுச் சுவிட்சான ஏஓ3401 மாஸ்ஃபெட், சென்சார்களுக்கு மின்சாரம் கொண்டுபோகும் லைனைத் (சென்சார் லைன்) திறக்கும். ஒன்றரை வினாடியில் அளவெடுத்து, லைனை மூடிவிட்டு, ரேடியோவில் அனுப்பிவிட்டுத் தூங்கப் போகும். லைன் திறந்திருக்கும்போது எடுக்க வேண்டிய மின்னோட்டத்தின் கணக்கு எளிது. ஈரப்பத முனை ஒன்றுக்கு 5 மில்லி ஆம்பியர், ஏடிமெகாவுக்கு 4, பிஎம்இ280-க்கு ஒன்றுக்குள். ஆக மொத்தம் 15.

இந்தக் கணக்கை அமைத்த அன்றே எழுதி, பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டி வைத்திருந்தார்கள். 190 என்பது பன்னிரண்டு மடங்குக்கு மேல் என்று பின்னால் தயங்காமல் சொல்ல முடிந்ததற்கு அந்தச் சீட்டுதான் காரணம்.

முதலில் தெரிந்தவை

ஆனி மாதக் காற்று தொடங்கிய பிறகு, வடகிழக்கு மூலையில் இருந்த கம்பத்திலிருந்து தகவல் விட்டுவிட்டு வந்தது. சில நாள் நண்பகலில் நாலைந்து அளவுகள் வரும். பிறகு மறுநாள் வெயில் ஏறும்வரை ஒன்றும் வராது. காலையில் செல்லை அளந்தால் பாதுகாப்புச் சுற்று அறுத்துவிடும் அளவுக்கு இறங்கிக் கிடந்தது.

தோட்டக்காரர் பட்டறைக்காரரிடம் சொன்னது இது: "காத்து வீசுத நேரந்தான் தம்பி இது படுத்துருது. காத்து நின்னா ஒண்ணு ரெண்டு வருது. கம்ப ரெண்டு பக்கமும் இழுத்துக் கட்டிருவமா?"

"ஆன்டெனா ஆடுதுன்னு நெனைக்கேன் அண்ணாச்சி, பாத்துருதேன்" என்பது பதில். ஆன்டெனா ஆடினால் தகவல் போகாமல் இருக்கலாம். செல் ஏன் ஒரே இரவில் காலியாக வேண்டும் என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. காற்று பற்றிய அந்தச் சொல்தான் இந்தப் பழுதின் முழு விடையையும் உள்ளே வைத்திருந்தது. அன்று அது ரேடியோவின் கணக்கில் எழுதப்பட்டுவிட்டது.

முதல் சுற்று: பட்டறையில் எல்லாம் சரி

இரண்டு பெட்டிகளிலிருந்தும் போர்டுகளைக் கழற்றிப் பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். மேசையில் வைத்து ஓட்டினால் 15 மில்லி ஆம்பியர். ஒரு நாள் முழுக்க ஓடவிட்டும் மாறவில்லை.

அப்போது சந்தேகம் ஈரப்பத முனைகள் மேல் விழுந்தது. அது நியாயமான சந்தேகம்தான். சந்தையில் ஒரே தோற்றத்தில் கிடைக்கும் முனைகளில் சிலவற்றில் டிஎல்சி555 சில்லும், சிலவற்றில் என்இ555 சில்லும் இருக்கும். டிஎல்சி555 இரண்டு வோல்ட்டிலேயே வேலை செய்யும் சிமாஸ் வகை. என்இ555-க்குக் குறைந்தது 4.5 வோல்ட் வேண்டும், 3.3 வோல்ட்டில் அது தரும் அளவை நம்ப முடியாது. போதாததற்கு, முனையின் வெட்டுவிளிம்பு பூசப்படாமல் இருந்தால் பலகைக்குள் தண்ணீர் ஊறிவிடும். சில்லின் மேல் எழுத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார்கள், டிஎல்சி555. விளிம்பில் எப்பாக்சி பூச்சும் சரியாக இருந்தது. ஆனாலும் முனைகள் இரண்டையும் மாற்றி, புது செல் போட்டு, ஆன்டெனா கனெக்டரை இறுக்கித் திரும்ப மாட்டினார்கள். மூன்றாம் நாள் அதே கதை.

பழுது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் உதிரிகளை மாற்றினால் இதுதான் நேரும். மாற்றிய பின் இரண்டு நாள் ஓடியதால், மாற்றியது பலித்தது போலவும் தோன்றியது. புது செல் முழு சார்ஜில் இருந்ததால் கொஞ்சம் தாங்கியது, அவ்வளவே.

இரண்டாம் சுற்று: கழற்றாமல் அளப்பது

மேசையில் 15, தோட்டத்தில் தெரியாத ஏதோ ஒரு எண். அந்த எண்ணைக் கம்பத்திலேயே எடுக்க வேண்டும், அதுவரை ஒரு திருகைக்கூடத் தளர்த்தக்கூடாது என்பது இந்தச் சுற்றில் எடுத்த முதல் முடிவு. பெட்டி மூடிகளைத் திறக்கலாம், போர்டை அசைக்கக்கூடாது.

உதவியாளர் மல்டிமீட்டரை 200 மில்லி ஆம்பியர் வரம்பில் வைத்து, செல்லுக்கும் போர்டுக்கும் நடுவே தொடராக மாட்டினார். எண் 20-க்கும் 160-க்கும் இடையே தாவிக்கொண்டே இருந்தது. நிரல் மறுபடி மறுபடி தொடங்குகிறது, இது மென்பொருள் பழுது என்று பேச்சு வந்தது. உண்மையில் மீட்டர்தான் அந்தத் தாவலை உண்டாக்கியது. மலிவு மீட்டரின் உள்தடை, ஃபியூஸ், மெல்லிய லீடு மூன்றும் சேர்ந்து சில ஓம் வரும். 190 மில்லி ஆம்பியர் அதில் ஓடினால் அரை வோல்ட்டுக்கு மேல் அங்கேயே போய்விடும். செல் ஏற்கெனவே 3.4 வோல்ட்டுக்கு இறங்கியிருந்தது. மிச்சம் 2.8-ஐ ஒட்டி வந்து, ரெகுலேட்டரைத் தாண்டும்போது ஏடிமெகாவின் 2.7 வோல்ட் எல்லையைத் தொட்டது. சில்லு ரீசெட் ஆனது. ரீசெட் ஆனதும் சென்சார் லைன் மூடியது, மின்னோட்டம் குறைந்தது, மின்னழுத்தம் ஏறியது, மறுபடி தொடங்கியது.

மீட்டரை எடுத்துவிட்டு, 1 ஓம், அரை வாட், ஒரு சதவீதத் துல்லியமுள்ள ரெசிஸ்டரைத் தொடராக வைத்தார்கள். அதன் குறுக்கே மில்லி வோல்ட் அளந்தால் ஒரு மில்லி வோல்ட் ஒரு மில்லி ஆம்பியர். 190 மில்லி ஆம்பியருக்கும் 0.19 வோல்ட்தான் இழப்பு, கருவி தடுமாறவில்லை. இப்போது எண் தாவவில்லை. காற்று லேசாக இருக்கும்போது 190-ஐ ஒட்டி நின்றது. காற்று தள்ளும்போது 165-க்கு இறங்கும், 195-க்கு ஏறும். தோட்டக்காரர் சொன்னது மீட்டரில் தெரிந்தது. ஆன்டெனாவுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. ரேடியோ அப்போது தூக்கத்தில் இருந்தது.

இன்னொன்றும் அங்கேயே தெரிந்தது. ஒன்றரை வினாடியில் மூட வேண்டிய சென்சார் லைன் மூடவே இல்லை.

எந்தப் பெட்டியில்?

எம்சிபி1700 தொட்டால் சுட்டது. எது சுடுகிறதோ அதுதான் பழுது என்று கை முதலில் அங்கே போகும். ஆனால் ரெகுலேட்டர் தன் வழியாகப் போகும் மின்னோட்டத்துக்காகச் சுடுகிறதா, தானே கெட்டுச் சுடுகிறதா என்று விரலுக்குத் தெரியாது. அதைப் பிரித்துக் காட்டியது கேபிள்.

கேபிளின் ஒவ்வொரு கம்பியும் 0.2 சதுர மில்லிமீட்டர் செம்பு. ஒன்றரை மீட்டருக்கு ஏறக்குறைய 0.13 ஓம் வரும். சென்சார்களுக்கு முறைப்படி 11 மில்லி ஆம்பியர் போனால், கிரவுண்ட் கம்பியின் மேல்முனைக்கும் கீழ்முனைக்கும் நடுவே 1.4 மில்லி வோல்ட் இருக்க வேண்டும். ஒரு நீளக் கம்பியில் முதலைக் கிளிப் மாட்டி மேல் கிரவுண்டில் கவ்வி, கீழே சென்சார் போர்டின் கிரவுண்டைத் தொட்டு அளந்ததில் 24 மில்லி வோல்ட் வந்தது. 24-ஐ 0.13-ஆல் வகுத்தால் 185 மில்லி ஆம்பியர். அதாவது கூடுதல் மின்னோட்டம் முழுவதும் கேபிளைக் கடந்து அடிப்பெட்டி வரை போய்த் திரும்புகிறது. மேல்பெட்டியில் உள்ள எதுவும் குற்றவாளி இல்லை. ரெகுலேட்டர் சுமையைத் தாங்கிச் சுடுகிறது.

அடிப்பெட்டியில் இணைப்புகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்கள். முதல் ஈரப்பத முனையை எடுத்ததும் 190 என்பது 185 ஆனது. இரண்டாவதை எடுத்ததும் 180. இரண்டும் தமக்குரிய ஐந்தைத்தான் எடுத்திருக்கின்றன. முன்பு மாற்றிய முனைகளிலும் குற்றம் இருந்திருக்காது. பிஎம்இ280 மாட்யூலைப் பிடுங்கியபோது மாற்றம் ஒரு மில்லி ஆம்பியருக்குள். ஏடிமெகாவின் நான்கு போக, சென்சாரே இல்லாத வெறும் போர்டு 175 எடுத்துக்கொண்டிருந்தது. அந்தப் போர்டில் கனெக்டர்களும் நான்கு கெப்பாசிட்டர்களும் தவிர வேறொன்றும் இல்லை.

செல்லை எடுத்துவிட்டு, மேல்நோக்கிப் போகும் கேபிளையும் பிடுங்கி, போர்டின் ப்ளஸுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஓம் அளந்தார்கள். பெரிய எலக்ட்ரோலிட்டிக் சார்ஜ் ஆகும்வரை எண் ஓடும் என்பதால் சில வினாடி பொறுத்துப் படித்தது: 19 ஓம். 3.3 வோல்ட்டை 19-ஆல் வகுத்தால் 174 மில்லி ஆம்பியர். கணக்கு பொருந்தியது.

திருகு

பெட்டியின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தினால் 19 என்பது 17 ஆனது, விட்டால் ஏறியது. போர்டை நான்கு எம்3 திருகுகள் பிடித்திருந்தன. லீடுகளை அசையாமல் கவ்விவிட்டு ஒவ்வொரு திருகையும் கால் சுற்று தளர்த்தி, திரும்ப இறுக்கிப் பார்த்தார்கள். மூன்று திருகுகளுக்கு எண் அசையவில்லை. கேபிள் நுழையும் மூலையில் இருந்த நான்காவது திருகைக் கால் சுற்று தளர்த்தியதும் 60 ஓம். அரைச் சுற்றில் சில கிலோ ஓம். முழுதும் தளர்ந்ததும் மீட்டர் திறந்த சுற்றைக் காட்டியது.

பட்டறையில் பழுது காணாமல் போனதன் காரணம் இதுதான். போர்டைக் கழற்ற முதலில் செய்வதே அந்தத் திருகை எடுப்பது. எடுத்ததும் பழுது மறைந்துவிடும். திரும்ப மாட்டியதும் வந்துவிடும்.

அந்தத் திருகின் துளையிலிருந்து மூன்று மில்லிமீட்டர் தள்ளி, பிஎம்இ280 மாட்யூலின் நிழலில், 0805 அளவில் 10 மைக்ரோஃபாராட் செராமிக் கெப்பாசிட்டர் ஒன்று இருந்தது. மாட்யூலை எடுத்த பிறகுதான் அது கண்ணுக்குத் தெரிந்தது. சுற்றிலும் போர்டின் பச்சை நிறம் பழுப்பேறியிருந்தது. 175 மில்லி ஆம்பியரை 3.3 வோல்ட்டால் பெருக்கினால் 0.58 வாட். அரிசிமணியளவுகூட இல்லாத ஒரு பொருளில் மணிக்கணக்கில் அவ்வளவு வெப்பம்.

உறுதிசெய்ய மேசையில் ஒரு சோதனை நடந்தது. பவர் சப்ளையை 3.3 வோல்ட்டில் வைத்து, மின்னோட்ட வரம்பை முதலில் 50 மில்லி ஆம்பியரில் பூட்டி, மூலையை விரலால் வளைத்தார்கள். 50-இல் போதிய சூடு வராது. 19 ஓம் தடையில் 0.05 வாட்தான். வரம்பை 150-க்கு ஏற்றி, போர்டு முழுக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தடவியபோது அந்தக் கெப்பாசிட்டரின் மேல் மட்டும் ஈரம் உடனே உலர்ந்தது. இந்தச் சோதனையில் மாட்யூலையும் முனைகளையும் கழற்றி வைத்துவிட வேண்டும். ஆல்கஹாலுக்குப் பக்கத்தில் சால்டரிங் அயர்ன் சூடாக இருக்கக்கூடாது.

இரண்டு அயர்ன் வைத்துக் கெப்பாசிட்டரைத் தூக்கியதும் போர்டின் தடை இயல்புக்கு வந்தது. பத்து மடங்கு பூதக்கண்ணாடியில், கெப்பாசிட்டரின் அடிப்பக்கம், உலோக முனை முடியும் இடத்திலிருந்து ஒரு மயிரிழை சாய்வாக மேலேறிப் போயிருந்தது.

ஏன் விரிந்தது

பல அடுக்குச் செராமிக் கெப்பாசிட்டருக்குள் எதிரெதிர் மின்முனைத் தகடுகள் மைக்ரோமீட்டர் கணக்கில் நெருங்கி அடுக்கப்பட்டிருக்கும். செராமிக் அழுத்தத்தைத் தாங்கும், வளைவைத் தாங்காது. போர்டு வளையும்போது சால்டர் அதை இரு முனையிலும் பிடித்து இழுக்கும். அப்போது கீழ் மூலையில் தொடங்கும் விரிசல் சாய்வாக உள்ளே ஏறும். விரிசல் விழுந்த உடனே ஷார்ட் ஆக வேண்டும் என்றில்லை. வெட்டுப்பட்ட தகடுகள் நகர்ந்து தொடும்போதோ, விரிசலில் ஈரம் ஏறும்போதோதான் கசிவு தொடங்கும். அமைத்து ஒரு மாதம்வரை கம்பம் ஒழுங்காக ஓடியது இதனால்தான்.

வளைத்தது பெட்டி. போர்டை உட்காரவைக்கும் நான்கு பிளாஸ்டிக் குமிழ்களின் மேல் எஃகு ஸ்கேலை வைத்து, இடைவெளியில் ஃபீலர் கேஜ் நுழைத்துப் பார்த்ததில், கேபிள் பக்கக் குமிழ் மற்ற மூன்றைவிட 0.8 மில்லிமீட்டர் தாழ்வாக இருந்தது. திருகை இறுக்க இறுக்க, போர்டின் அந்த மூலை கீழே இழுபட்டது.

காற்றின் பங்கு அதற்கு அடுத்தது. உச்சியில் பேனல் காற்றைப் பிடிக்கிறது. ஊன்றிய கம்பம் அதிகம் வளைவது தரையை ஒட்டிய இடத்தில். பெட்டி அங்கேதான், மேலே ஒன்று கீழே ஒன்றாக இரண்டு ஹோஸ் கிளிப்பால் பைப்போடு இறுக்கப்பட்டிருந்தது. பைப்பின் வளைவு கண்ணுக்குத் தெரியாத அளவுதான். ஆனால் மயிரிழை விரிசலின் இரு பக்கமும் தொட்டு விலக அதுவே போதும்.

லைன் ஏன் மூடவில்லை

கெப்பாசிட்டர் கசிவு மட்டும் என்றால் செல் இவ்வளவு சீக்கிரம் காலியாகியிருக்காது. பதினைந்து நிமிடத்துக்கு ஒன்றரை வினாடி 190 மில்லி ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு எட்டு மில்லி ஆம்பியர் மணிகூட வராது. பேனல் அதை எளிதில் நிரப்பிவிடும். மிச்சத்தைச் செய்தது நிரல்.

அடுத்தடுத்த மூன்று அளவுகள் ஒன்றுக்கொன்று இரண்டு எண்ணுக்குள் ஒத்துப்போகும்வரை மறுபடி மறுபடி அளக்க வேண்டும் என்று நிரலில் எழுதப்பட்டிருந்தது. நல்ல நோக்கம்தான், ஆனால் எத்தனை முறை என்ற வரம்பு இல்லை. மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் ஏடிமெகாவின் அளவியில் ஓர் எண் 3.2 மில்லி வோல்ட். கசிவு மின்னோட்டம் 30 மில்லி ஆம்பியர் ஆடினால், கேபிளிலும் மாஸ்ஃபெட்டிலும் ஏற்படும் இழப்பு ஒன்பது பத்து மில்லி வோல்ட் ஆடும். ஈரப்பத முனையின் வெளியீடும் அதோடு ஆடும். மூன்று எண் மாறினால் ஒப்புதல் கிடைக்காது. லைன் திறந்தே கிடந்தது. 2600-ஐ 190-ஆல் வகுத்தால் பதின்மூன்று பதினான்கு மணி நேரம்: மாலையில் நிறைந்திருந்த செல் விடிவதற்குள் தீர்ந்தது.

தேடாமல் கிடைத்த இன்னொரு கசிவு

கெப்பாசிட்டரை எடுத்த பிறகு, தூங்கும்போது எவ்வளவு எடுக்கிறது என்றும் பார்த்தார்கள். அதற்கு 1 ஓம் போதாது. 100 ஓம் ரெசிஸ்டரைத் தொடராக வைத்து, அதன் குறுக்கே ஒரு ஜம்பரைப் போட்டு, சில்லு தூங்கியதும் ஜம்பரை எடுத்துவிட்டு அளக்க வேண்டும். எதிர்பார்த்தது 15 முதல் 20 மைக்ரோ ஆம்பியர். வந்தது 1.02 மில்லி ஆம்பியர்.

பிஎம்இ280-ஐ ஏடிமெகாவோடு பேசவைக்கும் இரண்டு ஐ2சி டேட்டா லைன்களையும் உயர் மின்னழுத்தத்தில் பிடித்து வைக்கும் 4.7 கிலோ ஓம் புல்-அப் ரெசிஸ்டர்கள் இரண்டும் எப்போதும் உயிருள்ள 3.3 வோல்ட்டில் கட்டப்பட்டிருந்தன. சென்சார் லைனை மாஸ்ஃபெட் மூடினாலும், அந்த ரெசிஸ்டர்கள் வழியாக டேட்டா கால்களில் மின்னழுத்தம் நிற்கும். அது பிஎம்இ280-இன் பாதுகாப்பு டயோடுகள் வழியாக உள்ளே நுழைந்து, மூடிய லைனுக்கே பின்வழியாக ஊட்டும். லைன் அரை வோல்ட்டில் மிதந்தது. டயோடில் இன்னொரு அரை வோல்ட் போக மீதி 2.3 வோல்ட் 4.7 கிலோ ஓம்முக்கு. ஒரு கம்பிக்கு 0.49 மில்லி ஆம்பியர். இரண்டுக்கும் சேர்த்து ஏறக்குறைய ஒன்று. செலவு மட்டும் அல்ல, ஆபத்தும்கூட. மின்சாரம் நிறுத்திய நிலையில் டேட்டா கால்களை உயரத்தில் வைத்திருந்தால் சில்லு நிரந்தரமாகக் கெடலாம் என்று பிஎம்இ280 தரவுத்தாளே எச்சரிக்கிறது.

இது ஐந்து கம்பங்களிலும் முதல் நாளிலிருந்தே இருந்த குறை. வெயில் நன்றாக அடித்ததால் யாரும் கவனிக்கவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணமும்

கெப்பாசிட்டர் இருந்த இடத்தைக் காலியாகவே விட்டார்கள். பதினோரு மில்லி ஆம்பியர் சுமைக்குப் பக்கத்திலிருந்த 100 மைக்ரோஃபாராட் எலக்ட்ரோலிட்டிக்கும் 100 நானோஃபாராட்களும் போதும்; அதே இடத்தில் இன்னொரு செராமிக்கை வைத்தால் அதுவும் விரியும்.

போர்டை மூன்று திருகில் மட்டும் மாட்டி, தாழ்ந்த மூலையை நைலான் வாஷரால் நிரப்பிச் சும்மா உட்காரவிட்டார்கள். அடிப்பெட்டியை நேராகப் பைப்பில் கட்டாமல் ஓர் அலுமினியத் தகட்டில் ஏற்றி, அந்தத் தகட்டை நடுவில் ஒரே கிளிப்பால் கட்டினார்கள். பைப் வளைந்தாலும் பெட்டி வளையாது.

சென்சார் லைனில் தொடராக ஒரு ரெசிஸ்டர் சேர்க்க முடிவானது. முதலில் 10 ஓம் என்று பேசப்பட்டது. முழு ஷார்ட் ஆனால் அது 330 மில்லி ஆம்பியர் விடும். எம்சிபி1700-இன் வரம்பு 250. ரெகுலேட்டர் சரிந்தால் ஏடிமெகாவும் ரீசெட் ஆகும், பழுதைத் தெரிவிக்க ஆளில்லாமல் போகும். அதனால் 22 ஓம்: முழு ஷார்ட்டிலும் 150 மில்லி ஆம்பியர்தான். இயல்பான சுமையில் 0.24 வோல்ட் இழந்து சென்சார்களுக்கு 3.06 கிடைக்கும், டிஎல்சி555-க்கு அது தாராளம். ரெசிஸ்டருக்குப் பிந்திய மின்னழுத்தத்தை ஏடிமெகாவின் ஓர் அனலாக் கால் பார்க்கும். லைனைத் திறந்து 15 மில்லி வினாடி பொறுத்து (எலக்ட்ரோலிட்டிக் நிறைய அவ்வளவு வேண்டும்), 2.8 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் உடனே மூடிவிட்டுப் பழுது எண்ணை அனுப்பும். ஊட்டும் மின்னழுத்தம் மாறியதால் ஈரப்பத முனைகளை உலர்காற்றிலும் தண்ணீரிலும் வைத்து மறுபடி அளவு குறிக்க வேண்டியிருந்தது. இதை விட்டால் மண் உண்மையைவிட ஈரமாகத் தெரியும்.

புல்-அப்களைச் சென்சார் லைனுக்கு மாற்றினார்கள். அது மட்டும் போதவில்லை. நிரலில் ஐ2சி-யைக் கையாளும் ஆர்டுயினோவின் வயர் நூலகம் தொடங்கும்போதே சில்லின் உள் புல்-அப்களையும் போட்டுவிடும். லைனை மூடுவதற்கு முன் ஐ2சி-யை நிறுத்தி, இரு கால்களையும் பூஜ்யத்துக்கு இழுக்கும் வரிகள் நிரலில் சேர்ந்தன. அளவு ஒப்புதலுக்கும் எட்டு முயற்சி என்று வரம்பு வைக்கப்பட்டது. ஒத்துவராவிட்டால் கடைசி அளவைச் சந்தேகக் குறியோடு அனுப்பும்.

பின்னர் நடந்தது

தூக்க மின்னோட்டம் 1.02 மில்லி ஆம்பியரிலிருந்து 19 மைக்ரோ ஆம்பியருக்கு வந்தது. கெப்பாசிட்டர் நல்ல நிலையில் இருந்தபோதே ஒரு நாள் செலவு 25 மில்லி ஆம்பியர் மணி. இப்போது அளவெடுக்க 0.6, ரேடியோவுக்கு 0.25, தூக்கத்துக்கு 0.46, ஆக 1.3. ஐப்பசி, கார்த்திகை மழையில் பேனல் நாள்கணக்கில் வெயில் காணாதபோதும் செல் 3.9 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவில்லை.

மற்ற நான்கு கம்பங்களிலும், போர்டைக் கழற்றும் முன் ப்ளஸுக்கும் கிரவுண்டுக்கும் ஓம் பார்த்து, மூலைகளை அழுத்தியும் பார்த்தார்கள். ஒன்றில் 2 கிலோ ஓம், அழுத்தினால் மாறியது. அது எடுத்துக்கொண்டிருந்த ஒன்றரை மில்லி ஆம்பியரை யாரும் உணர்ந்திருக்கவில்லை. அதே மூலை, அதே கெப்பாசிட்டர்.

கார்த்திகையில் தென்கோடிக் கம்பம் பழுது எண் அனுப்பியது. சென்சார் லைன் 0.1 வோல்ட். போய்ப் பார்த்தால் எலி கேபிளைக் கடித்து இரண்டு கம்பிகள் தொட்டுக்கொண்டிருந்தன. செல் நிறைந்தே இருந்தது. கேபிளை மாற்றி, தரையிலிருந்து பெட்டி வரை பிவிசி பைப்புக்குள் விட்டார்கள்.

அடுத்த முறை மாற வேண்டியவை

புதிய போர்டில் பெரிய செராமிக் எதையும் திருகுத் துளையிலிருந்து 10 மில்லிமீட்டருக்குள் வைப்பதில்லை. வைக்க நேர்ந்தால் அதன் நீளவாட்டம் வளையும் திசைக்குக் குறுக்காக இருக்கும். வளைவைத் தாங்கும் மென்முனை வகையையே வாங்குவார்கள். ஒரே தகடாகச் சேர்ந்து வரும் போர்டுகளைக் கையால் ஒடித்துப் பிரிப்பதையும் நிறுத்த வேண்டும். ஒடிக்கும்போது வரும் வளைவு திருகு தரும் வளைவைவிடக் கூடுதல். முதல் விரிசலே அப்போது விழுந்திருக்க வாய்ப்புண்டு.

தோட்டத்துக்குப் போகும் பையில் 1 ஓம், 100 ஓம் ரெசிஸ்டர்கள் கிளிப்போடு இருக்கும். தோட்டக்காரர் சொல்வதை அவர் சொன்ன சொல்லிலேயே, நேரம், காற்று, வெயில் குறித்துப் பதிவேட்டில் எழுதிய பிறகே காரணம் தேடுவது என்றும் முடிவாகியிருக்கிறது. ஐந்து கம்பங்களில் மூன்றில் புதுப் போர்டு ஏறிவிட்டது. மற்ற இரண்டும் நைலான் வாஷரோடு ஓடுகின்றன. தார் வெட்டி மறுதாம்புக்குக் கன்று விடும்போது கம்பங்களைப் பிடுங்கியாக வேண்டும், அப்போது மாற்றுவதாகத் திட்டம்.